குளோரினுக்கு எந்த உலோகம்? முதலில் ஈரத்தைக் கேளுங்கள்

"குளோரின் லைனுக்கு எந்த மெட்டீரியல் போடலாம்?" என்று கேட்டால், அந்தத் துறையில் பழுத்தவர் யாரும் சட்டென்று ஓர் உலோகத்தின் பெயரைச் சொல்லிவிட மாட்டார். "ஈரக் குளோரினா, உலர் குளோரினா?" என்று திருப்பிக் கேட்பார். அப்புறம், "எத்தனை டிகிரி?" என்பார். இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்கும்வரை பட்டியலையோ அட்டவணையையோ திறப்பதில் பயனில்லை.

காரணம் எளிது. டைட்டானியக் குழாயில் ஈரமான குளோரின் வாயுவை ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம், அதன் பளபளப்புகூடக் குறையாது. அதே குழாயில் நன்றாக உலர்த்திய குளோரினை விட்டால், அறை வெப்பத்திலேயே டைட்டானியம் தீப்பற்றி எரியக்கூடும். சாதாரண கார்பன் ஸ்டீலின் கதை நேர் எதிர்: உலர்ந்த குளோரின் அதை ஒன்றும் செய்வதில்லை, ஈரம் பட்டால் குழாய் வேகமாகக் கரைகிறது. ஒரே வாயு, ஒரே ஆலை, சில மீட்டர் இடைவெளி. இந்தப் பக்கத்துக் குழாயை அந்தப் பக்கம் மாட்டினால் விபத்துதான்.

விலை கூடிய உலோகம் எப்போதும் பாதுகாப்பானது என்ற நினைப்பு வேறெந்த ரசாயனத்திலும் இந்த அளவுக்குக் காலை வாரிவிடாது.

படலம் என்ற ஒரு விஷயம்

அரிப்பைத் தாங்கும் உலோகம் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் மேலே ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொண்டிருக்கும் உலோகத்தைத்தான். குளோரினிலும் அப்படியே. ஈரமும் உலர்வும் இரண்டு வேறு படலங்களைக் கேட்கின்றன, அவ்வளவுதான்.

உலர் குளோரினில் தண்ணீர் இல்லை, எனவே ஆக்சைடு படலம் புதிதாக உருவாக வழியில்லை. உலோகம் குளோரினோடு நேரடியாகச் சேர்ந்து தன் குளோரைடை உருவாக்குகிறது. அந்தக் குளோரைடு திடமாக மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டால் அதுவே கவசமாகிவிடும். உருகினாலோ ஆவியானாலோ கவசம் கழன்றுவிடும், கீழே உள்ள உலோகம் மறுபடி வெறுமையாக நிற்கும். ஆகவே உலர் குளோரினில் ஓர் உலோகம் எந்த வெப்பம்வரை தாங்கும் என்பதை அதன் குளோரைடு எப்போது பறக்கிறது என்பதை வைத்தே பெருமளவு ஊகித்துவிடலாம்.

இரும்பின் குளோரைடு 300 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகி ஆவியாகிவிடும். அலுமினியக் குளோரைடு 180 டிகிரியிலேயே பதங்கமாகும். டான்டலம் குளோரைடு கொதிப்பது 240 டிகிரி அருகில். நிக்கல் குளோரைடு உருகவே ஏறக்குறைய 1000 டிகிரி வேண்டும். டைட்டானியத்தின் குளோரைடோ அறை வெப்பத்திலேயே திரவம், 136 டிகிரியில் கொதித்துவிடும். இந்த ஐந்து எண்களை நினைவில் வைத்தால் பாதிக் கட்டுரை முடிந்தது. டைட்டானியம் உலர் குளோரினில் ஏன் எரிகிறது, சூடான குளோரினுக்கு ஏன் நிக்கலைத் தேடுகிறார்கள் என்பதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

தண்ணீர் உள்ளே வந்ததும் ஆட்டமே மாறுகிறது. குளோரின் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் ஆகிறது. முன்னது வலுவான அமிலம், பின்னது வலுவான ஆக்சிஜனேற்றி. இரண்டும் சேர்ந்து வரும்போது இரும்பால் நிற்க முடியாது, உருவாகும் இரும்புக் குளோரைடு தண்ணீரில் கரைந்து போய்விடும். டைட்டானியத்துக்கோ அதே ஆக்சிஜனேற்றமும் அதே ஈரமும் வரப்பிரசாதம். அதன் ஆக்சைடு படலம் கீறல் விழுந்த மறுகணமே தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. அதற்குத் தேவையான ஈரம் ஒரு சதவீதத்தை ஒட்டிய அளவுதான். ஆனால் அந்த எல்லைக்கோடு வெப்பம், அழுத்தம், வாயுவின் ஓட்டம் எல்லாவற்றையும் பொறுத்து நகரும். அதனால் எல்லையை ஒட்டி டைட்டானியத்தை நிறுத்திப் பார்ப்பது நெருப்போடு விளையாடுவது. சொல்லுக்குச் சொல் நெருப்புத்தான்.

ஆலைக்குள் ஒரு நடை

உப்புக் கரைசலை மின்னாற்பகுத்துக் குளோரின் எடுக்கும் ஆலையில் நடந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வாயு பிறப்பதே டைட்டானியத்தின் மேல்தான். 1960களின் நடுவில் ஹென்றி பீர் காப்புரிமை பெற்ற, ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானிய நேர்மின்முனைகள் பழைய கிராஃபைட்டின் இடத்தைப் பிடித்தன. அங்கிருந்து 85, 90 டிகிரி சூட்டில், தண்ணீர் ஆவி நிறைந்து, குளோரின் வெளியே வருகிறது. இதைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் டைட்டானியம். அதுவரை உள்ள குழாய்கள் டைட்டானியம் அல்லது பிளாஸ்டிக், ஃபைபர் வலுவூட்டிய ரெசின்.

எவ்வளவு குளிர வைக்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் குளோரினும் தண்ணீரும் சேர்ந்து குளோரின் ஹைட்ரேட் என்ற பனிபோன்ற படிகமாகிக் குழாயை அடைத்துவிடும். ஆகவே அதற்குச் சில டிகிரி மேலேயே நிறுத்திக்கொள்வார்கள்.

அடுத்து வருவது உலர்த்தும் கோபுரம். அடர் கந்தக அமிலம் மேலிருந்து வழிய, குளோரின் கீழிருந்து ஏறுகிறது. அமிலம் ஈரத்தை உறிஞ்சுகிறது. என்னைக் கேட்டால், மொத்த ஆலையிலும் மெட்டீரியல் தேர்வுக்குச் சுவையான இடம் இதுதான். கோபுரத்தின் அடியில் வாயு இன்னும் ஈரம், எனவே ஸ்டீல் கூடாது. மேலே ஏற ஏற வாயு உலர்கிறது, எனவே டைட்டானியம் கூடாது. போதாக்குறைக்குக் கந்தக அமிலமும் டைட்டானியத்தைத் தின்னும். அமிலமோ 98 சதவீதத்தில் நுழைந்து ஈரத்தைக் குடித்து நீர்த்து, குளோரின் கரைந்த நிலையில் வெளியேறுகிறது. ஈரப் பக்கத்து ராஜாவும் உலர் பக்கத்து ராஜாவும் இரண்டு பேருமே செல்லாத இடம். அதனால்தான் கோபுரத்தைப் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலும் ஃபைபர் ரெசினிலும் கட்டுகிறார்கள். சுற்றிவரும் அமிலத்தைக் குளிர்விக்க ஹேஸ்டெல்லாய் சி-276 என்ற நிக்கல் கலவைத் தகடுகளைப் போடுகிறார்கள்.

கோபுரத்தைத் தாண்டினால் அப்பாடா என்று இருக்கும். காம்ப்ரஸர், திரவமாக்கும் பிரிவு, சேமிப்புத் தொட்டி, டேங்கர் எல்லாமே கார்பன் ஸ்டீல். திரவக் குளோரின் மைனஸ் 34 டிகிரியில் கொதிப்பதால் குளிரில் நொறுங்காத ரகம் வேண்டும், அவ்வளவே. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் ருடால்ஃப் க்னீட்ஷ் 1888-இல் குளோரினைத் திரவமாக்கியபோது உலர்ந்த குளோரின் இரும்பைத் தொடுவதில்லை என்பதும் தெரியவந்தது. இன்றுவரை உலகம் முழுக்கக் குளோரின் ஸ்டீல் சிலிண்டரில் பயணிப்பது அந்த ஒற்றை உண்மையின் தயவில்தான்.

உலர் பக்கத்தின் இரண்டு பயங்கள்

ஸ்டீல் மலிவு என்பதால் அலட்சியம் வந்துவிடக்கூடாது. முதல் பயம் வெப்பம். உலர் குளோரினில் கார்பன் ஸ்டீல் ஏறக்குறைய 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும் என்று ஆய்வக எண்கள் சொன்னாலும், நடைமுறையில் 120 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை. 250 டிகிரி நெருங்கினால் இரும்பே குளோரினில் எரியத் தொடங்கும். ஆக்சிஜன் தேவையில்லை, குளோரினே அங்கே காற்றின் வேலையைச் செய்யும். எண்ணெய், கிரீஸ் ஒட்டியிருந்தால் அவை முதலில் பற்றி, சூட்டைக் கூட்டி, ஸ்டீலையும் இழுத்துவிடும். காம்ப்ரஸரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே குளிர்விப்பதும், குளோரின் இருக்கும் குழாயில் வெல்டிங்கை நினைத்தும் பார்க்காததும் இதனால்தான்.

இரண்டாவது பயம் ஈரம் திருட்டுத்தனமாக நுழைவது. உலர் குளோரின் என்று அழைக்கப் பொதுவாகப் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது என்பார்கள். ஆனால் எண்ணைவிட முக்கியமானது தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கிறதா என்பதுதான். திரவக் குளோரினில் கரைந்திருக்கும் கொஞ்சம் ஈரம் தொல்லை தராது. திரவக் குளோரினை மறுபடி வாயுவாக்கும் ஆவியாக்கியில் குளோரின் முதலில் ஆவியாகிப் போய்விடும், தண்ணீர் பின்தங்கும். நாள்பட நாள்பட மிச்சத்தில் ஈரம் செறிந்துகொண்டே வரும். நுழையும் குளோரினின் சான்றிதழ் சரியாகவே இருக்கும், ஆவியாக்கியின் அடி மட்டும் அரித்துப் போயிருக்கும்.

பராமரிப்புக்காக லைனைத் திறக்கும்போதும் இதே கதை. உள்ளே படிந்திருக்கும் இரும்புக் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு இழுத்துக்கொண்டு அமிலக் குழம்பாகிவிடும். திறந்த முனைகளை உடனே மூட வேண்டும். மறுபடி குளோரின் விடுமுன் பனிநிலை (ஈரம் துளிர்க்கத் தொடங்கும் வெப்பம்) மைனஸ் 40 டிகிரி உள்ள உலர் காற்றாலோ நைட்ரஜனாலோ ஊதி உலர்த்த வேண்டும். கசியும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சக்கூடாது என்ற விதியும் இங்கிருந்து வந்ததே. ஊசித் துளையாக இருந்த கசிவு, தண்ணீர் பட்டதும் அமிலம் அரித்து விரிந்துவிடும்.

ஈரப் பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் ஏன் கைவிடுகிறது

புதிதாக வருபவர்கள் முதலில் நீட்டுவது 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தான். பெயரே துருப்பிடிக்காத ஸ்டீல் ஆயிற்றே! அதன் காப்பு, குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தில் பலவீனமான புள்ளிகளைத் தேடிப்பிடித்துத் துளைக்கும். துளைக்குள் உலோகம் கரைய, கரைசல் அமிலமாக, இன்னும் வேகமாகக் கரைய, மேலே சுத்தமாகத் தெரியும் தகட்டில் அடிவரை குழி விழுந்திருக்கும். இழுவிசையும் சூடும் சேர்ந்தால் குழியைத் தாண்டி விரிசலே ஓடும், குறிப்பாக 60 டிகிரிக்கு மேல். வெறும் உப்புத் தண்ணீரிலேயே இந்தப் பாடு என்றால், ஆக்சிஜனேற்றும் குளோரினும் கரைந்திருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

குழி அரிப்பை எவ்வளவு எதிர்க்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: குரோமியத்தின் சதவீதம், அதோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு. 316-க்கு இது 24 சொச்சம். 2205 டூப்ளெக்ஸ் என்ற ஸ்டெயின்லெஸ் ரகத்துக்கு 35 அளவில், சூப்பர் டூப்ளெக்ஸுக்கு 40-க்கு மேல். கடல்நீருக்கும் குளோரின் கலந்த குளிர்நீருக்கும் இந்த வரிசை நன்றாக உதவும். ஈரக் குளோரின் வாயுவுக்கு மட்டும் இந்த ஏணியில் எவ்வளவு உயர ஏறினாலும் போதாது. ஏணியையே மாற்ற வேண்டும்.

மாற்று ஏணியில் முதல் படி டைட்டானியம்தான். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: இடுக்கு. குழாய்களை இணைக்கும் ஃபிளேஞ்சுக்கும் அதன் நடுவே வைக்கும் கேஸ்கெட்டுக்கும் இடையே, படிவுக்கு அடியே தேங்கும் சொட்டில் ஆக்சிஜனேற்றி தீர்ந்துபோய் அமிலம் மட்டும் மிஞ்சும். 70, 80 டிகிரிக்கு மேல் அந்த இடத்தில் சாதாரணத் தூய டைட்டானியம், அதாவது கிரேடு 2, அரிக்கத் தொடங்கலாம். இதற்கு வைத்தியம் வியப்பானது. வெறும் 0.12 முதல் 0.25 சதவீதம் பல்லேடியம் சேர்த்தால் போதும், கிரேடு 7. விலை எகிறும். அதனால் முழுக் கருவியையும் அதில் செய்யாமல், ஃபிளேஞ்ச் முகத்துக்கு மட்டும் அதைப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு இது புத்திசாலித்தனமாகவே படுகிறது.

நிக்கல் குடும்பத்தில் பெயர்போனது சி-276. ஏறக்குறைய 16 சதவீதம் குரோமியம், 16 சதவீதம் மாலிப்டினம், 4 சதவீதம் டங்ஸ்டன், மீதி பெரும்பாலும் நிக்கல். குரோமியம் ஆக்சிஜனேற்றும் சூழலைச் சமாளிக்கும், மாலிப்டினம் அமிலத்தைச் சமாளிக்கும். மிதமான வெப்பத்தில் ஈரக் குளோரினையும் தாங்கும், உலர் குளோரினையும் தாங்கும். இந்த இரட்டைக் குணம்தான் அதன் உண்மையான மதிப்பு. ஈரமா உலர்வா என்று உறுதியாகச் சொல்ல முடியாத எல்லைப் பகுதிகளுக்கு இதுவே தஞ்சம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதே ஹேஸ்டெல்லாய் பெயரில் பி வரிசைக் கலவைகளும் உண்டு. அவற்றில் மாலிப்டினம் 28 சதவீதம், குரோமியம் கிட்டத்தட்ட இல்லை. சுத்தமான ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அவற்றுக்கு இணை குறைவு. அந்த அமிலத்தில் கொஞ்சம் குளோரினோ ஃபெர்ரிக் அயனியோ கலந்தால் போதும், அரிப்பு தலைதெறிக்கும். சிர்கோனியமும் இதே ஜாதி: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிங்கம், ஈரக் குளோரினில் தோல்வி. தோற்றத்தில் டைட்டானியத்தின் உடன்பிறப்பு மாதிரி இருப்பதால் ஏமாறுகிறவர்கள் அதிகம். "அமிலத்துக்கு நல்லது, அப்போ குளோரினுக்கும் நல்லதாகத்தான் இருக்கும்" என்ற ஊகத்தில் நிறையக் காசு கரைந்திருக்கிறது.

டான்டலம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஈரம், உலர்வு இரண்டையும் கண்டுகொள்ளாது, ஃப்ளோரைடை மட்டும் பக்கத்தில் விடக்கூடாது. விலையும் அடர்த்தியும் பயமுறுத்துவதால் மெல்லிய உறையாகவும் சின்ன உறுப்புகளாகவும் மட்டுமே வரும்.

சூடு ஏறும்போது

உலர் குளோரின் 200, 300 டிகிரிக்கு மேல் போனால் களம் நிக்கலுக்குத்தான். தூய நிக்கலும், நிக்கல்-குரோமியக் கலவையான இன்கோனெல் 600-உம் சுமார் 540 டிகிரி வரை தாங்கும். நிக்கல்-தாமிரக் கலவையான மோனெலுக்கு 430-ஐ ஒட்டி. பிளாட்டினம் 260 அளவிலும் தங்கம் 150 அளவிலும் விட்டுக்கொடுத்துவிடும் என்பது கேட்பவர்களை எப்போதும் சிரிக்க வைக்கும். வேறெங்கும் அசையாத உன்னத உலோகங்கள் இங்கே நிக்கலிடம் தோற்கின்றன. 315 டிகிரிக்கு மேல் நீண்டகாலம் வேலை என்றால் நிக்கல் 200-க்குப் பதில் கார்பன் குறைந்த 201 ரகம் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து உலோகம் நொறுங்கும்.

ஹைப்போகுளோரைட்டுக்கு வேறு கணக்கு. குளோரினைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தால் வரும் இந்தக் கரைசலுக்கு டைட்டானியம் அருமை. நிக்கலும் தாமிரமும் கோபால்ட்டும் மிகச் சிறிய அளவில் கரைந்தாலே அதைச் சிதைத்து ஆக்சிஜனை வெளிவிடச் செய்யும். மூடிய பந்து வால்வுக்குள் சிக்கிய கரைசல் வாயுவை விட்டுக்கொண்டே இருக்க, அழுத்தம் ஏறி வால்வே பிளக்கலாம். அதனால் பந்தில் ஒரு சிறு துளை போட்ட வால்வைத்தான் வாங்குவார்கள்.

சின்ன உறுப்புகள், பெரிய தவறுகள்

தொட்டிக்கும் குழாய்க்கும் எல்லோரும் யோசித்துத்தான் தேர்வு செய்கிறார்கள். கோட்டை விடுவது துக்கடா உறுப்புகளில். உலர் குளோரின் லைனில் மாட்டிய பிரஷர் டிரான்ஸ்மிட்டரின் டயஃப்ரம், அதாவது அழுத்தத்தை வாங்கும் மெல்லிய தகடு, எந்த உலோகம்? "டைட்டானியம், நல்ல ரகம்தான்" என்று யாராவது மாட்டியிருந்தால் அந்த மெல்லிய தகடுதான் முதலில் பற்றும். அங்கே டான்டலமோ சி-276-ஓ வேண்டும். டயஃப்ரத்துக்குப் பின்னால் நிரப்பிய எண்ணெயும் சிலிக்கோனாக இருக்கக்கூடாது, குளோரினோடு வினைபுரியாத ஃப்ளூரோகார்பன் வகையாக இருக்க வேண்டும். உலர் பக்கத்து வால்வுத் தண்டுக்கு மோனெல் பழகிய தேர்வு. குளோரின் சிலிண்டர் வால்விலும் அலுமினியம்-சிலிக்கான் வெண்கல உடலுக்கு மோனெல் தண்டுதான். ஈரப் பக்கத்தில் அதே மோனெல் நிற்காது.

ஸ்டோர் ரூமில் டைட்டானிய ஃபிட்டிங்கும் சி-276 ஃபிட்டிங்கும் ஒரே அலமாரியில் சாம்பல் நிறத்தில் கிடக்கும். கையில் எடுத்தாலே தெரிந்துவிடும், டைட்டானியத்தின் அடர்த்தி 4.5, சி-276-க்கு 8.9. இருந்தாலும் கையை நம்பாமல் உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-ரே துப்பாக்கியால் சோதித்து மாட்டுவதே முறை. அந்தத் துப்பாக்கிக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு, கார்பன் அதன் கண்ணில் படாது. 316-க்கும் கார்பன் குறைந்த 316எல்-க்கும், நிக்கல் 200-க்கும் 201-க்கும் வித்தியாசம் சொல்லாது.

வெல்டிங்கும் அப்படியே. சி-276-இல் கார்பனையும் சிலிக்கானையும் மிகக் குறைத்திருப்பதே வெல்டிங்குக்குப் பிறகு மறுசூடாக்கம் இல்லாமல் பயன்படுத்தத்தான். டைட்டானியத்தை ஆர்கான் போர்வைக்குள் வெல்டு செய்ய வேண்டும். வெள்ளிநிறம் என்றால் நல்லது. நீலமும் சாம்பலும் தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது.

அரிப்பு அட்டவணைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற எண், தகடு சீராகத் தேய்வதை மட்டும் சொல்கிறது. குழி, இடுக்கு, விரிசல் எதுவும் அதில் தெரியாது. 316-க்கு அட்டவணையில் நல்ல எண் இருக்கும்போதே ஆலையில் அது ஊற்றிக்கொண்டிருக்கும். கொஞ்சம் பொறுமை இருந்தால், வெல்டு போட்ட, இடுக்கு வைத்த மாதிரித் துண்டுகளை ஓடும் லைனிலேயே சில மாதம் தொங்கவிட்டுப் பார்ப்பது எந்த அட்டவணையையும்விட நம்பகமானது.

அந்தத் துண்டுகளும்கூட ஆலை ஒழுங்காக ஓடும் நாட்களைத்தான் பார்க்கும். தேர்வை முடிவு செய்யும் கூட்டத்தில் கேட்க வேண்டியது ஒழுங்காக ஓடாத நாளைப் பற்றி. உலர்த்தும் கோபுரத்தின் அமிலப் பம்ப் நின்றுவிட்டால், ஈரக் குளோரின் எத்தனை நிமிடத்தில் ஸ்டீல் காம்ப்ரஸரை எட்டும்? கோபுரத்துக்கு முன்னால் இருக்கும் டைட்டானியக் குளிர்விப்பானுக்குள், ஆலை நின்றிருக்கும்போது, உலர் குளோரின் பின்னோக்கி வர வழி இருக்கிறதா? முதல் கேள்விக்கான பதில் ஈரத்தை அளக்கும் கருவியிலும், இரண்டாவதற்கான பதில் ஒரு திசையில் மட்டும் ஓட விடும் செக் வால்வை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதிலும் இருக்கும்.